எட்டாம் வசனத்திலிருந்து வாசி

அன்புள்ள சாமு,

நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். மற்றதெல்லாம் தங்கை சொல்லியிருப்பாள்.

போன வாரம் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையிலிருந்து ஓர் இருளர் பழங்குடிக் குடும்பத்தை மீட்டார்கள். வாங்கிய முன்பணம் சிறியதுதான். ஆண்டுக்கணக்கில் கல் அறுத்தும் கணக்கு மட்டும் தீரவில்லை. ஊரில் சாவு விழுந்தபோதும் மனைவியைச் சூளையில் நிறுத்திவிட்டுத்தான் அந்தக் குடும்பத் தலைவர் போக முடிந்ததாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விடுவிப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்தபோது உடன் இருந்தேன். எதைக் கேட்டாலும், "முதலாளிக்குப் பாக்கி இருக்கிறது ஐயா" என்றே சொன்னார். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவர்தான். இதை அவர் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஞாயிறன்று சபையில் இதற்காக ஜெபிக்கக் கேட்டேன். "ஆராதனையில் அரசியல் வேண்டாமே" என்றார் ஒரு பெரியவர். உடம்பெல்லாம் எரிந்தது சாமு! வேதத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை இவர்கள் வாசித்ததே இல்லையா? வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்குகிறோம் என்று ஜனங்கள் கதறியதும் நெகேமியா மிகவும் கோபம் கொண்டான். பிரபுக்களைக் கடிந்துகொண்டு, பெரிய சபை கூட்டி, நிலங்களையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னான். ஜெபிக்கத் தெரியாதவனா அவன்? முதல் அதிகாரத்தில் பெரும்பகுதி அவனுடைய ஜெபம்தானே.

இந்த முறை பெண்கள் ஞாயிறு பிரசங்கம் உன்னுடையதாமே. நீதிமொழிகள் 31ஐத்தான் எடுப்பாய், எனக்குத் தெரியும். எல்லாரும் பத்தாம் வசனத்தில் தொடங்கி "குணசாலியான ஸ்திரீ" என்று போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் லேமுவேல் ராஜாவின் தாய் பேசுகிறாள்: "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற." அரியணையில் இருக்கும் மகனுக்குத் தாய் இட்ட கட்டளை அது. இருபதாம் வசனத்துக்கு வா: மகனுக்கு மனைவியாக அவள் விரும்பும் குணசாலி சிறுமையானவர்களுக்குத் தன் கையைத் திறக்கிறாள். மகன் வாயைத் திறக்கவேண்டும், மருமகள் கையைத் திறக்கவேண்டும் என்று கேட்கிற மாமியார்! இதைவிட்டால் பெண்கள் ஞாயிறுக்கு வேறு என்ன செய்தி வேண்டும்? கிறிஸ்துமஸ் கீத பவனியில் தெருவையே எழுப்பிய குரல் உன்னுடையது. எட்டாம் வசனத்திலிருந்து வாசி.

அந்தக் குடும்பத்துக்கு இன்னும் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லை. உன் சபையிலிருக்கும் வழக்கறிஞர் அம்மாவிடம் கேட்டு, இந்த வாரமே பதில் போடு.

அன்புடன்,
ரூபன்