மோர்மிளகாய் கேட்ட மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆச்சியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றச் செய்திகளை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள்.

நீ கேட்டபடி மோர்மிளகாயும் எலுமிச்சை ஊறுகாயும் மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். சொதியில் கிடக்கும் பச்சை மிளகாயைக்கூட இலையோரம் ஒதுக்கிய பெண் இப்போது காரம் கேட்கிறாள் என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு அப்படி இல்லை. உன்னிடம் வந்து தங்கிய தம்பி, அல்வாப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்ததையும், பால் அடுப்பில் தீய்ந்தபோது நீ அருகிலேயே நின்றிருந்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். நான் எதையும் கேட்கப்போவதில்லை. ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்; ஆனால் இரவில் படுக்குமுன் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடு.

காரம் சுவையே அன்று. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி எனப்படும் இறைச்சிச்சாறு போன்ற சுவை ஆகிய ஐந்தைத்தான் நாவின் சுவைமொட்டுகள் அறியும்; நாவின் முன்பகுதிச் செய்தியை ஏழாம் மூளைநரம்பும் பின்பகுதிச் செய்தியை ஒன்பதாம் நரம்பும் கொண்டுசெல்லும். மிளகாயிலுள்ள கேப்சைசினோ, சூட்டையும் வலியையும் உணரும் ஏற்பியைத் தூண்டி ஐந்தாம் நரம்பின் வழியே மூளையை எட்டுகிறது. ஆகவே மணம் அறியும் திறன் போனவருக்கும் மிளகாய் உறைக்கும். சோற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் போதும் என்று தவிப்பவர் அதைத்தான் நாடுவார். அல்வாவின் கதை வேறு. நெய்மணம் இல்லையென்றால் அதில் எஞ்சுவது இனிப்பும் வழுவழுப்பும்தான். அதை யார் பிரிப்பார்கள்?

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. மெல்லும்போது எழும் மணம் வாயின் பின்புறமாக மேலேறி, மூக்கின் கூரையிலுள்ள நுகர்ச்சிப் படலத்தைத் தொடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கருப்பட்டியை நாவில் வைத்தால் இனிப்புதான் தெரியும். கையை எடுத்த பிறகே அது கருப்பட்டி ஆகும். படலத்திலுள்ள நரம்பணுக்களின் இழைகள் சல்லடை எலும்பின் துளைகளைக் கடந்து மூளையின் நுகர்ச்சிக் குமிழுக்குள் நுழைகின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்சலும் 2004இல் நோபல் பரிசு பெற்ற செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்து நோட்டில் ஒட்டியவள் நீ. என் வகுப்பில் அப்படி இன்னொரு பிள்ளை இருந்ததில்லை. அத்தனை படித்தவளுக்கு, தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்தான் வாயில் வருகிறது.

சித்திரையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனாக் கிருமி பெரும்பாலும் மண நரம்பணுக்களை நேரடியாகத் தாக்காமல் அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே சிதைக்கிறது. அதைவிடப் பெரிய ஆறுதல், உடம்பின் பெரும்பாலான நரம்பணுக்களைப் போலன்றி மண நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் அடியணுக்களிலிருந்து புதிதாக முளைப்பது. மாதக்கணக்கில் ஆகலாம். இடையில் காபி கருகல் போலவும் வெங்காயம் அழுகல் போலவும் நாறலாம்; அது பெரும்பாலும் மீட்சியின் அறிகுறி என்பதால் பயப்படவேண்டியதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றின் பழைய மணத்தையும் மனத்தில் வரவழைத்தபடி, பல மாதங்கள் முகர்ந்து பழகச் சொல்வார்கள். ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அடியில் கிராம்பும் தைலமும் வைத்திருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். சளிக்கு என்று சொல்லிவைத்தேன்.

கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டானைக் கலக்கிறார்கள். அந்த ஏற்பாடு முழுவதும் மூக்கை நம்பியது. கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், வேறு செலவுக்கு எடுத்துவிடாதே. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானதாகையால் கருவியைத் தரைக்குச் சற்று மேலே பொருத்தச் சொல். மீந்த குழம்பை முகர்ந்து பார்த்து முடிவுசெய்யாமல், என்று வைத்தது என எழுதி ஒட்டு. ரெகுலேட்டரை மூடிவிடு.

அன்புடன்,
அப்பா