அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி வை

பினாங்கு,
ஆடி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்ல முடியாது, கல்யாணப் படம் எடுக்கிற எனக்கு வேலையே இல்லாத காலம் இது. ஆடி பிறந்தால் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆடி முடிகிற நேரத்தில் சீனர்களின் ஏழாம் மாதம் வந்துவிடும். இறந்துபோனவர்களின் ஆவிகள் அந்த மாதம் பூமிக்கு வந்து போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவோரமெல்லாம் ஊதுபத்தியும் காகிதப் பணமும் எரியும், கூத்து மேடைகூடப் போடுவார்கள். கல்யாணம் மட்டும் வைக்க மாட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்துத்தான் என் வீட்டில் அரிசி வாங்குவது. அதனால் இந்த நாள்களில் கேமராவைத் துடைப்பேன், பழைய படங்களை எடுத்து ஒழுங்குபடுத்துவேன். உனக்கு என்ன எழுதுவது என்பதும் அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

உன் மகள் பாப்பாவுக்குக் கல்யாணம் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் நாம் ஃபெர்ரி ஏறும்போது உன் தோளில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கத்தும் பிள்ளை அது. அந்தப் பழைய ஃபெர்ரிகளையும் 2020 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் என்கிறாய். எனக்கு வசதிதான், சீனக் கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் நலங்குக்கு முந்தின நாளே வந்துவிடுவேன்.

நீ கேட்ட இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். “சுங்கைப்பட்டாணி வீடு சின்னது, பழசு, படத்தில் நன்றாக விழாது, நல்ல ரிசார்ட்டாகப் பார், நலங்கையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருந்தாய். ரிசார்ட் இங்கே எத்தனையோ இருக்கின்றன. உனக்காக ஒன்றைக்கூட நான் விசாரிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2008இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு இங்கே கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள் கூட்டம் பெருகியது. சியோங் பாட் சி கட்டிய நீல மாளிகை, கூ கொங்சி என்கிற சீனக் குலத்தார் மாளிகை, ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் என்று எல்லா ஜோடிக்கும் ஒரே பட்டியல்தான். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அழகான இடங்கள்தான், நானும் எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுவர்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு உறவும் கிடையாது. அவளுக்கு முன்னால் நின்றவளுக்கும் அதே சுவர், அதே வெளிச்சம்.

எனக்கும் ஒரு காலத்தில் இது புரியவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைவீட்டில் கல்யாணம். கீழே பிரம்பு நாற்காலிக் கடை, மேலே குடும்பம். மணப்பெண்ணை மாடிக் கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பின்னால் மளிகைக்கடைக் காலண்டர், வெந்நீர் பிளாஸ்க், உட்காருமிடம் பிய்ந்த ஒரு பிரம்பு நாற்காலி. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டுச் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆல்பம் பளிச்சென்று வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஆறு வருஷம் கழித்து அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். அப்பா இறந்துவிட்டார், கடையையும் விற்றாகிவிட்டது. “அப்பா எப்போதும் உட்காரும் நாற்காலி ஏதாவது ஒரு படத்தில் இருக்கிறதா அண்ணே?” என்று கேட்டாள். அன்று எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் அந்த நாற்காலியின் கைப்பிடி பாதி தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அழுதாள். அன்றோடு கல்யாண வீட்டில் ஒரு சாமானைக்கூட நகர்த்தச் சொல்வதை விட்டுவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த கல்யாணம். ஆயர் ஈத்தாம் போகிற வழியில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி இருக்கிறதே, அங்கேதான். பினாங்கின் பழைய பிளாட்டுகளில் ஒன்று. வீடுகள் மிகச் சின்னவை. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலுக்குப் போக வேண்டும். ஹொக்கியன் பேசும் சீனக் குடும்பம். மணப்பெண் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். உன்னைப் போலவேதான் அவளும், “வீட்டில் எடுக்க வேண்டாம், சின்ன இடம்” என்றாள். பாட்டியால் மாடி இறங்க முடியாது என்பதால்தான் ஒத்துக்கொண்டாள்.

முந்தின நாள் ராத்திரி தலைவாரும் சடங்கு. ஒரு ஜோடிச் சிவப்பு மெழுகுவர்த்தி, கண்ணாடி, கத்தரிக்கோல், அளவுகோல், புதுச் சீப்பு எல்லாம் முன்னால் வைத்திருப்பார்கள். பெண் குளித்துப் புதுத்துணி கட்டிக்கொண்டு உட்காருவாள். தலையிலிருந்து நுனி வரை சிக்காமல் நான்கு முறை வாரி, ஒவ்வொரு தடவையும் ஒரு வாழ்த்துச் சொல்வார்கள். கடைசிவரை சேர்ந்திருக்க வேண்டும், நரைக்கும் வரை ஒற்றுமையாக இருக்க வேண்டும், பிள்ளை குட்டி பேரன் பேத்தி என்று வீடு நிறைய வேண்டும் என்றெல்லாம். எந்த வீட்டுக் கல்யாணமாக இருந்தால் என்ன, கேட்பது அதையேதான்.

யார் வாருவது என்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புருஷன் உயிரோடு இருந்து, பிள்ளைகுட்டியோடு வாழ்கிற பெண்தான் வார வேண்டும். சொல்லும்போதே உனக்குப் புரிந்திருக்கும். அந்த வீட்டில் அம்மாதான் வாரினாள். பெண்ணைத் தூக்கி வளர்த்த பாட்டிக்குப் புருஷன் போய்ப் பல வருஷம். அவளை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, தானாகவே போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். கையில் ஒரு தட்டு. பசையரிசி மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தாள், வெள்ளையில் பாதி, இளஞ்சிவப்பில் பாதி. சடங்கு முடிந்ததும் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாப்பிடும் தாங் யுவான் அது.

ஹாலில் மெழுகுவர்த்தி வெளிச்சம், சமையலறையில் நீளமான ட்யூப் லைட். இரண்டு நிறமும் ஒன்றோடொன்று ஒட்டாது, பழைய நானாக இருந்தால் ட்யூப் லைட்டை அணைக்கச் சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. பெண்ணின் அம்மா ஒவ்வொரு தடவை சீப்பைக் கீழே இழுக்கும்போதும் பாட்டியின் விரல் உருட்டுவதை நிறுத்திவிடும். வாழ்த்தை வாய்க்குள் அவளும் முணுமுணுப்பாள். சீப்பு நுனிக்கு வந்ததும் மறுபடி உருட்டுவாள். நான்கு முறையும் அப்படியே. கட்டை விரலில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், ஆணியில் தொங்கும் வாணலி, அடுப்புத் தெய்வத்தின் சிவப்புத் தகடு. எனக்குக் கை நடுங்கிவிட்டது நண்பா. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

பெண் எழுந்து முதல் கிண்ணத்தைப் பாட்டிக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாட்டி அதிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து அவள் வாயிலேயே போட்டு, “சியாக், சியாக்” என்றாள். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம்.

மலாய் வழக்கங்களும் கலந்த பழைய பெரானாக்கான் சீனக் குடும்பங்களில் இந்தச் சடங்குக்கு உடுத்தும் வெள்ளைத் துணியைப் பத்திரமாக மடித்து வைத்து, சாகும்போது அதையே உடுத்தி அனுப்புவார்களாம். இங்கே பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து தலைவாரும் சடங்கை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடிவதில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்தார். வாசல் இரும்புக் கிராதியைத் தோழிகள் பூட்டி வைத்துக்கொண்டு அங்பாவுக்கு, அதாவது சிவப்பு உறையில் வைத்துத் தரும் பணத்துக்கு, பேரம் பேசினார்கள். எலுமிச்சை, தேன், பாகற்காய், மிளகாய் என்று நான்கையும் மாப்பிள்ளைத் தோழர்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் எல்லாம் வாழ்க்கையில் வரும், தாங்கிக்கொள் என்பதற்காக. கிராதி நிழல் எல்லார் முகத்திலும் கட்டம் கட்டமாக விழுந்தது. எந்த ஸ்டுடியோவிலும் எனக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை.

பெண் குவா உடுத்தியிருந்தாள். தங்கச் சரிகையிலும் வெள்ளிச் சரிகையிலும் டிராகனும் பீனிக்ஸ் பறவையும் பின்னிய சிவப்புச் சட்டையும் பாவாடையும். சரிகை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு விலை. துணியே தெரியாமல் முழுக்கச் சரிகையாக இருந்தால் அதைக் குவாக்களின் ராஜா என்பார்கள். அவள் உடுத்தியது வாடகைக்கு எடுத்தது. இதற்கு ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, சரிகை வெள்ளையாக வெடித்துவிடும். ஜன்னல் பக்கம் திருப்பி நிற்கவைத்தால் போதும், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஜன்னல், அதிலும் பாதியைக் கொடியில் காய்ந்த துணி மறைத்தது. மறைத்த பாதிதான் நல்லதாகப் போயிற்று, வெளிச்சம் வடிகட்டி வந்தது.

அப்புறம் தேநீர் சடங்கு. நான் காத்திருந்தது இதற்குத்தான். சிவப்புச் சீன இலந்தையும் லோங்கான் பழமும் போட்டுக் கொதிக்கவைத்த இனிப்புத் தேநீர். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டியிட்டு, வயது வரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, உறவுமுறை சொல்லி இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் குடித்துவிட்டு அங்பாவோ நகையோ கொடுத்து ஆசீர்வதிப்பார்கள். முதல் நாற்காலி யாருக்கு? பாட்டிக்கு. முந்தின ராத்திரி சமையலறை வாசலைத் தாண்டாதவள், காலையில் எல்லாருக்கும் முன்னால் நடு ஹாலில் உட்கார்ந்தாள். “ஆ மா, தேநீர் குடியுங்கள்” என்று பேத்தி நீட்டியபோது அவள் கோப்பையை வாங்கவில்லை. முதலில் பேத்தியின் இரண்டு கையையும் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இடம் இல்லாததால் நான் செருப்பு அலமாரி மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னிடம் இருந்த 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் தூரம் கச்சிதமாக இருந்தது. பெரிய மண்டபமாக இருந்திருந்தால் அவ்வளவு பக்கத்தில் போயிருக்கவே மாட்டேன்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பெண்ணுக்குச் சிவப்புக் குடை பிடிப்பார்கள். அந்த நீளமான நடைபாதையில் குடை காயப்போட்ட துணிகளை உரசிக்கொண்டே போனது. ஒரு மலாய் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நம்ம பாட்டி ஒருத்தி விபூதிப் பூச்சோடு எட்டிப் பார்த்துக் கன்னத்தில் விரலை வைத்துத் திருஷ்டி முறித்தாள். குடைக்குள் வெயில் இறங்கி மணப்பெண்ணின் முகம் முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்பை எடுத்துவிடுவதுதான் வழக்கம், நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேரோடும் தோகையோடும் ஒரு ஜோடிக் கரும்பு கட்டியிருந்தது. நம் பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

ராத்திரி விருந்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மேசைக்குப் பத்துப் பேர், மீன் கண்டிப்பாக உண்டு, எல்லாரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தி மூச்சு முட்டும் வரை “யாம்ம்ம் செங்” என்று மூன்று தடவை இழுத்துக் கத்துவார்கள். மொய் விஷயம் மட்டும் சொல்லிவைக்கிறேன், உன் ஆபீசில் சீன நண்பர்கள் இருப்பார்களே. புதிதில் நான் நம் வழக்கப்படி 51 வெள்ளி (ரிங்கிட்) வைத்துக் கொடுத்தேன். ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றைப்படை சாவு வீட்டுக்கு வைப்பதாம், நாலும் ஆகாதாம். கோபப்படாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு அந்த வீட்டை உன்னைவிட நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன். உன் அப்பா சைக்கிள் சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த திண்ணைத் தூண். பாப்பாவின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்ட கதவு. வெள்ளையடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய், முன்பக்கம் அடித்துக்கொள், அந்தக் கதவில் கை வைக்காதே. நலங்கு உன் ஹாலிலேயே நடக்கட்டும். இடம் போதாது என்றால் நெருக்கி உட்காரட்டும், உன் மனைவி, என் தங்கச்சி, அவளிடமும் நான் சொன்னேன் என்று சொல்.

இன்னொன்று. நலங்கு வைக்கும்போது உன் அம்மா எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு உன் தங்கை கல்யாணத்தில் பார்த்தேனே, யாரும் ஒன்றும் சொல்லாமலே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அன்றைக்கு நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. அம்மாவை முன்னால் கூப்பிட்டு முதல் சந்தனத்தை அவர்கள் கையால் வைக்கச் சொல்ல நீ நினைத்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை, நீயும் உன் மனைவியும் பேசிப் பாருங்கள். அம்மா மாட்டேன் என்று அங்கேயேதான் நிற்பார்கள் என்றால், அந்த இடத்தில் பகலிலும் இருட்டு. ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி நிற்கிறது. வேறு எந்தச் சாமானையும் தொடாதே, அதை மட்டும் இரண்டடி இடப்பக்கம் நகர்த்தி வை. காலை ஒன்பது மணிக்கு அங்கே வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்