ரப்பர்ப் பிசிறு நீக்கப் பொதுக்கூடம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 18 ஆண்டுகளாகச் சிறிய ரப்பர் பட்டறை நடத்திவருகிறேன். இயந்திரங்களில் கசிவை அடைக்கும் ஓ-ரிங் வளையம், அதிர்வைத் தாங்கும் புஷ், இணைப்புகளுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட் போன்றவற்றை அச்சில் அழுத்தி எடுக்கும்போது, அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் ரப்பர் கசிந்து, தாளைப் போன்ற மெல்லிய பிசிறாக ஒட்டிக்கொண்டு வரும். என் பட்டறையில் நான்கு பெண்கள் காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராமல் அதைக் கத்தரியாலும் பிளேடாலும் நீக்குகிறார்கள். விரலில் துணி சுற்றாத ஆள் இல்லை. மயிரிழை ஆழமாக வெட்டுப்பட்டாலும் அந்த ஓ-ரிங் எண்ணெயைக் கசியவிடும் என்பதால், சென்ற ஆண்டு ஒரு லாட் முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது.

இதற்குக் கடுங்குளிர் முறை ஒன்று உண்டு. மூடிய கலத்துக்குள் உருளும் ரப்பர்த் துண்டுகளின் மீது, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்துவார்கள். மெல்லிய பிசிறு முதலில் உறைந்து கண்ணாடியைப் போல நொறுங்கும் நிலையை அடையும். தடித்த உடற்பகுதி அந்த அளவுக்குக் குளிர்வதற்குள், வேகமாக வீசப்படும் பாலிகார்பனேட் மணிகள் பிசிறை உடைத்து உதிர்த்துவிடும். எல்லா ரப்பருக்கும் ஒரே குளிர் பொருந்தாது. இயற்கை ரப்பர் ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரியில் விறைத்துவிடும். சிலிக்கோனுக்கோ மைனஸ் 120-ஐ ஒட்டிப் போக வேண்டும். குளிரும் நேரமும் சரியாக அமைந்தால், நாள் முழுக்க வெட்டும் சரக்கைச் சில நடைகளில் முடித்துவிடலாம்.

என்னைப் போன்றவர்கள் தனியாக இந்த இயந்திரத்தை வாங்க இயலாது. விலை ஒருபுறமிருக்க, திரவ நைட்ரஜன் பயன்படுத்தாவிட்டாலும் தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரத்தில் சில மணி நேர வேலைக்காக அதை வாங்கி வைப்பது காற்றில் பணத்தை விடுவதாகும். பல பட்டறைகள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். எனவே ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஒரு பொதுப் பயன்பாட்டுக் கூடம் அமைக்க, புதுச்சேரி தொழில் துறை எங்களை அழைத்துப் பேச வேண்டும். கடலூர் சிப்காட் பகுதிப் பட்டறைகளும் அதைப் பயன்படுத்த வழி செய்யலாம்.

சிப்காட்டின் ரசாயன ஆலைகளுக்கு அருகில் வாழ்வதால், வாயு என்றாலே கடலூர்ப் பக்கத்து மக்கள் அஞ்சுவது இயல்பு. நைட்ரஜன் நச்சன்று, நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதான். ஆயினும் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிந்து, மணமோ நிறமோ இன்றி அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும், தடையின்றி ஓடும் காற்றுப்போக்கியும் இல்லாமல் அக்கூடத்துக்கு அனுமதி தரவே கூடாது.

பிளேடு பிடித்த பெண்களையே அங்கு இயந்திரம் இயக்கவும் தரம் பார்க்கவும் பயிற்றுவிக்க வேண்டும். பிசிறு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. சோதனை ஓட்டத்துக்கு என் பட்டறையின் சரக்கைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரப்பர் பட்டறை உரிமையாளர்,
மேட்டுப்பாளையம், புதுச்சேரி.