நோட்டீஸின் பின்பக்கம்: கொழும்பில் விருப்பு வாக்குக் கேட்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஐயாமாரே,

மாகாண சபைத் தேர்தல் இந்தா வருது, அந்தா வருது என்று கேட்டுக் கேட்டே வருடங்கள் போய்விட்டன. ஆனாலும் உங்களில் பலர் தயாராகிவிட்டீர்கள் என்பது தெரிகிறது. ஆடிவேலுக்கு முன்வரிசையில் பொன்னாடையோடு நிற்கிறீர்கள், முன்பின் தெரியாத செத்தவீட்டில் கதிரை எடுத்துப் போடுகிறீர்கள், தைப்பொங்கல் அன்று வாட்ஸ்அப்பைத் திறந்தால் பொங்கல் பானையை விட உங்கள் முகம் பெரிதாக இருக்கிறது. சரி, நோட்டீஸ் அடிக்க எங்கள் வாசலுக்கு வருவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு சொல்ல நேரம் இருக்காது, அன்றிரவே பண்டல் வேண்டும் என்பீர்கள்.

நான் புதுக்கடைப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் தமிழ் டைப்செட்டிங் செய்கிறவன். கல்யாண அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கடைக்காரர்களின் பில் புத்தகம், தேர்தல் வந்தால் நீங்கள். எல்லாக் கட்சிக்கும் அடித்திருக்கிறோம். எங்கள் முதலாளிக்குக் கொள்கை என்று இருப்பது ஒன்றே ஒன்று, அட்வான்ஸ்.

இந்த வேலையில் இருந்து பார்த்தால்தான் விருப்பு வாக்கு மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்பது விளங்கும். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் கீழே இருக்கிற வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி போடலாம், அதுதான் விருப்பு வாக்கு. இலக்கத்தைத் தொடாமல் விட்டால் வாக்கு கட்சிக்கு மட்டும் போகும். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு முழுதும் கழிந்துவிடும். ஆக, கட்சி எத்தனை ஆசனம் எடுக்கிறது என்பது ஒரு போட்டி, அதில் யார் போய் உட்காருவது என்பது இன்னொரு போட்டி. எதிர்க்கட்சிக்காரனோடு நீங்கள் மேடையில் மட்டும்தான் சண்டை பிடிப்பீர்கள். உண்மையான சண்டை ஒரே பட்டியலில் இருக்கிற ஆளோடுதான்.

2014 மார்ச், மேல் மாகாண சபைத் தேர்தல். ஒரு கட்சியின் மூன்று வேட்பாளர்கள் ஒன்றாக வந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை. மூன்று முகம், மூன்று இலக்கம், ஒரே நோட்டீஸ், காசும் மூன்றாகப் பிரித்துத் தந்தார்கள். அடுத்த நாள் இரவு கடை சாத்துகிற நேரம் அதில் ஒருவர் மட்டும் வந்தார். "தம்பி, மற்ற ரெண்டு இலக்கத்தையும் எடுத்துப்போட்டு என்ர இலக்கத்தை மட்டும் வச்சு ரெண்டாயிரம் அடியுங்கோ, அவங்களுக்குச் சொல்ல வேண்டாம்." சனிக்கிழமைக்குள் மற்ற இருவரும் அதே வேலைக்கு, அதே மாதிரித் தனித்தனியாக, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வந்து போனார்கள். மூன்று பண்டலையும் மூன்று பழைய பேப்பரில் சுற்றி, ஒன்றை வெட்டும் மெஷினுக்குக் கீழே, ஒன்றை மாடிப்படிக்குக் கீழே, ஒன்றை முதலாளியின் மேசைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். மூவரும் எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதெல்லாம் பிழை என்று சொல்ல வரவில்லை. முறை அப்படி, நீங்களும் அதற்குள்தான் நிற்கிறீர்கள். நான் சொல்ல வந்தது நோட்டீஸின் பின்பக்கத்தைப் பற்றி.

முன்பக்கம் உங்களுக்கு உயிர். முகம், இலக்கம், சின்னம், கை கூப்பின விதம், மீசையின் கறுப்பு, எல்லாவற்றுக்கும் நாலு தடவை புரூஃப் பார்ப்பீர்கள். பின்பக்கம் வந்ததும் "போன முறை அடிச்சதையே போடுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். என் கணினியில் அந்தப் பின்பக்கம் ஒரு ஃபைலாகவே இருக்கிறது, பாமினி எழுத்துருவில். 'உங்கள் குரலாக ஒலிப்பேன், இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு, தமிழர் தலைநிமிர்ந்து வாழ வழி.' கட்சியும் வருடமும் மாறும், அந்த ஃபைல் மாறாது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார வேட்பாளர் ஒருவருக்கு 2015 பாராளுமன்றத் தேர்தல் ஃபைலைத் திறந்து அடித்துவிட்டேன், 'பாராளுமன்றத்தில் உங்கள் குரலாக' என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. அவர் புரூஃப் பார்த்தார், "முகம் கொஞ்சம் இருட்டா இருக்கு, வெளிச்சம் போடுங்கோ" என்றார், கையெழுத்து வைத்தார். ஐயாயிரம் நோட்டீஸ் வீடுவீடாகப் போனது. கேட்கப்போனது குப்பைக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான மாநகர சபை ஆசனம். ஒரு மனிதர் கூட போன் எடுத்து இது என்ன பாராளுமன்றம் என்று கேட்கவில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம், பிழை விட்டதால் மட்டும் வந்ததில்லை.

மாகாண சபை என்றால் என்ன செய்யும் என்று உங்கள் நோட்டீஸில் நான் இதுவரை ஒரு வரி அடித்தது கிடையாது. 1987 இல் இலங்கை இந்திய ஒப்பந்தம், அதே வருடம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், அப்படிப் பிறந்த சபை என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது வடக்குக் கிழக்குச் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. கொழும்பில் இருக்கிற எங்களுக்கும் மேல் மாகாண சபை உண்டு, 104 பேர் உட்காரும் சபை, ஏதோ நாள் அன்று கூடிக் கலைகிற இடம் என்று விட்டுவிட்டோம்.

அம்மா வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியைப் பார்க்க 155 இல் போவார். மட்டக்குளியில் இருந்து கொழும்புக்குள்ளேயே ஓடி வெள்ளவத்தைப் பக்கம் போகிற பஸ், வடக்குக் கொழும்புத் தமிழரையும் தெற்குக் கொழும்புத் தமிழரையும் உறவாக வைத்திருப்பதே அந்த பஸ்தான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பஸ் முழுதாக நிற்காது, கொண்டக்டர் "இறங்குங்கோ இறங்குங்கோ" என்று கத்துவான், ஒரு கால் நிலத்தில் படும்போதே மற்றக் காலை பஸ் இழுக்கும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் விழுந்தார், மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு கிழமை. மாகாணத்துக்குள்ளேயே ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் ஒழுங்குபடுத்துவதும் மாகாணத்தின் அதிகாரம். அதற்கென்று மேல் மாகாணத்தில் ஒரு அதிகாரசபையே இருக்கிறது. சபை இருந்தால் உறுப்பினர் எழுந்து கேட்கலாம், நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கென்று ஒரு சட்டம், கொண்டுவரலாம். எனக்கு 'உங்கள் குரலாக ஒலிப்பேன்' என்று வேண்டாம். பஸ் முழுதாக நின்ற பிறகு அம்மா இறங்க வேண்டும், அவ்வளவுதான், அதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

பஸ் மட்டும் இல்லை. தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சுக்குக் கீழே, ஆனால் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளுக்குள் இருக்கிற சின்னத் தமிழ்ப் பாடசாலைகள் பல மாகாணத்துக்குக் கீழே. கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்ற கதை எங்கே போய்ப் பேச வேண்டிய கதை என்று பெற்றோருக்கே தெரியாது. முன்பள்ளி, கூட்டுறவுக் கடை, ஓட்டோவுக்கு வருடாவருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் காசு, எல்லாம் மாகாணத்தின் பக்கம்.

இவ்வளவும் இப்போது யார் கையில் என்றால், ஜனாதிபதி நியமித்த ஆளுநரும் அதிகாரிகளும். 2014 இல் நாங்கள் தெரிவு செய்த சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும் என்றார்கள், அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கு விழவில்லை, எதிராக 139. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்களித்தார். தன் கல்யாணத்துக்குத் தானே ஆட்சேபம் சொன்ன மாப்பிள்ளை மாதிரி. என் தங்கச்சியின் மகள் 2014 இல் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள், மாகாண சபை வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று இன்னும் கண்டதில்லை.

இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம், அந்தச் சபை இல்லாமல் போனபோது அதில் இருந்தவர்களோ இருக்க ஆசைப்பட்டவர்களோ பெரிதாக அழவில்லை. ஏனென்றால் பலருக்கு அது ஒரு படி. 1993 இல் மேல் மாகாண முதலமைச்சரான சந்திரிகா அடுத்த வருடமே பிரதமர், அதே வருடம் நவம்பரில் ஜனாதிபதி. நம் பக்கம் பார்த்தால் மனோ கணேசன், 2010 இல் கண்டியில் தோற்ற பிறகு 2011 இல் கொழும்பு மாநகர சபை, 2014 இல் மேல் மாகாண சபை, 2015 இல் திரும்பப் பாராளுமன்றம், அமைச்சர். அவர் கட்சியின் சின்னம் அப்போது ஏணி, அதைச் சொல்லி நாங்கள் அச்சகத்தில் சிரித்ததும் உண்டு. ஆனால் ஏறினவரைக் குறை சொல்ல மாட்டேன், விழுந்த மனிதர் வட்டார மட்டத்துக்கு இறங்கி வந்து திரும்பக் கட்டி எழுப்பியது சின்ன விஷயம் இல்லை, அரசியல் செய்கிறவன் மேலே பார்க்கத்தான் செய்வான். என் கேள்வி, படியில் நிற்கிற அந்த ஒரு வருடமோ நாலு வருடமோ, அங்கே நின்று என்ன செய்வீர்கள் என்பது மட்டும்தான்.

இன்னொன்று, 'கொழும்பில் தமிழ்ப் பிரதிநிதித்துவம் பறிபோகிறது' என்ற அந்தப் பெரிய எழுத்து வரி. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பட்டியலில் நாலு தமிழர் நின்று, நாலு பேரும் "எனக்கு மட்டும் போடுங்கோ, மற்ற ரெண்டையும் வெறுமையா விடுங்கோ" என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு அந்த வரியை எங்களிடம் அடிக்கக் கொடுக்கும்போது எழுத்துக் கோர்க்கிற எனக்கே கை கூசுகிறது. அம்மா மூன்று இலக்கத்தையும் வாக்காளர் அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதி வைக்கிறவர். நீங்கள் ஒவ்வொருவராக வந்து போகப் போக ஒவ்வொன்றாக அழித்து, கடைசியில் எதுவும் வாசிக்க முடியாமல், கட்சிக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தார்.

ஆகவே இந்த முறை வரும்போது பின்பக்கத்தை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் அடித்துக்கொள்கிறேன். மாகாண சபைக்குள் கேட்க முடிந்த மூன்று விஷயம் போதும். தெருவின் பெயர், பாடசாலையின் பெயர், பஸ்ஸின் இலக்கம் இருக்க வேண்டும். உங்கள் இலக்கத்தை எங்களுக்கு மனப்பாடம் ஆக்க இவ்வளவு பாடுபடுகிறீர்களே, எங்கள் பஸ் இலக்கம் ஒன்றை நீங்களும் மனப்பாடம் செய்யலாம். போன முறை ஃபைலை நான் அழித்துவிட்டேன், உண்மையாகவே, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன்.

அப்புறம், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் விலாசமும் அடியில் போடத்தான் வேண்டும், சட்டம் அது, "சின்னதாப் போடுங்கோ" என்று கெஞ்ச வேண்டாம். 2023 இல் வந்த தேர்தல் செலவுச் சட்டத்தின்படி முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் பில் கேட்கிறீர்கள், நல்லது, ஆனால் இருபதாயிரம் அடித்துவிட்டு ஐயாயிரத்துக்குப் பில் போடச் சொன்னால் முதலாளி ஒத்துக்கொண்டாலும் நான் டைப் பண்ண மாட்டேன். 2014 இல் மூன்றில் ஒருவர் இரவோடு இரவாக அடித்துக்கொண்டு போன ரெண்டாயிரத்தின் மீதிக் காசு இன்னும் எங்கள் கொப்பியில் சிவப்புப் பேனாவில் நிற்கிறது. யார் என்று அவருக்குத் தெரியும். வரும்போது அதையும் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்துக்கு வெளிச்சம் போடுகிற தம்பி
கொழும்பு 12