வாட்ச் போடும் மார்க்கை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் 'கார்டியோ ஃபிட்னஸ்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாட்ச் விஓ2 மேக்ஸ் என்று காட்டும் இந்த எண் ரொம்பக் குறைந்தால் இதயத்துக்கு நல்லதல்ல என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ரத்த அழுத்தம் பார்ப்பது போல இதையும் மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016லேயே சொல்லிவிட்டது. ஆனால் கையில் கட்டிய வாட்ச் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்போது அதை நம்பலாம் என்பதைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் பெங்களூரு அல்சூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போவேன். அங்கே ஓடுகிற பிள்ளைகளுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், யோசனை சொல்வேன். என் அண்ணன் மகள் வேலை பார்க்கும் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) எல்லாருக்கும் வாட்ச் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அதிலுள்ள விஓ2 மேக்ஸ் எண்ணை வரிசைப்படுத்தி எல்லாருக்கும் மெயில் அனுப்புகிறார்கள். முதலில் வருபவருக்குப் பரிசு. "அத்தை, எனக்கு 29தான், டீம்லயே கடைசி. டாக்டர்கிட்ட போகணுமா?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள்.

விஓ2 மேக்ஸ் என்பது, முழு மூச்சாக உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, எத்தனை மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு. முறையாக அளக்க வேண்டுமானால் ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, இனி முடியாது என்கிற வரை டிரெட்மில்லில் ஓட வேண்டும். வாட்ச் ஆக்ஸிஜனைத் தொடுவதே இல்லை. எவ்வளவு வேகமாக ஓடுகிறீர்கள், அப்போது இதயம் எவ்வளவு துடிக்கிறது என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. வண்டியின் வேகத்தையும் எஞ்சின் இரைச்சலையும் வைத்து மெக்கானிக் எஞ்சினைப் பற்றிச் சொல்வது மாதிரி. இரண்டில் ஒன்று தப்பாகப் பதிவானாலும் எண் தப்பு.

அவளை ஒரு சனிக்கிழமை ஏரிப் பக்கம் வரச்சொன்னேன். ஓடும்போது வாட்ச் 172 துடிப்பு காட்டியது. முகத்தைப் பார்த்தால் அவ்வளவு சிரமம் தெரியவில்லை, பேசிக்கொண்டே ஓடுகிறாள். காலடியை எண்ணினேன்: 15 விநாடியில் 43. நாலால் பெருக்கிப் பாருங்கள், அதே 172! நிறுத்தச் சொல்லி உடனே கழுத்தில் இரண்டு விரல் வைத்து எண்ணினேன்: 15 விநாடியில் 36, அதாவது 144. வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. வாட்ச் தொளதொளவென்று ஆடினால், கால் தரையில் விழும் அதிர்வையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். இவள் அதை வளையல் மாதிரி மணிக்கட்டு எலும்பின் மேலேயே விட்டிருந்தாள். எலும்பைத் தாண்டி ஒரு விரல் தூரம் மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கிக் கட்டியதும் துடிப்பு 140களுக்கு வந்துவிட்டது. இதிலும் ஒத்துவராதவர்கள் நெஞ்சில் கட்டும் பட்டையை வாங்கலாம். அது இதயத்தின் மின் துடிப்பையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து, ஓடும் இடம். காலையில் ஏழரைக்கே மீட்டிங் என்பதால் வார நாட்களில் அவள் ஓடுவது ராத்திரி, ஃப்ரேசர் டவுன் தெருக்களில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஹம்ப் தாண்டி, நாய் துரத்தினால் வேகமெடுத்து. ஆப்பிள் வாட்ச்சுக்கு ஓரளவு சமதளமான வெளியிடம் வேண்டும். கார்மின் வாட்ச்சுக்கு, உச்ச துடிப்பில் (இதயம் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய அளவில்) 70 சதவீதத்துக்குக் குறையாமல் பத்து நிமிடமாவது ஓட வேண்டும். பெரும்பாலான வாட்ச்சுகள் டிரெட்மில் ஓட்டத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மெட்ரோ பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் தடுமாறும்; தூரம் தப்பினால் வேகமும் தப்பும். கப்பன் பார்க்கில் வண்டி விடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடலாம் என்றால், அங்கேயும் மரம் அடர்ந்த பகுதியில் ஜிபிஎஸ் வரையும் கோடு கொஞ்சம் வளைந்து நெளியும். இருந்தாலும் தெருவுக்கு அது எவ்வளவோ மேல். லேப்டாப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன். பையின் எடை வாட்ச்சுக்குத் தெரியாது. மூச்சு வாங்குவதற்கு நீங்கள்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளும்.

அப்புறம் வெயில். மே மாதம் சென்னைக்குப் போய் ஓடிவிட்டு வந்தால் எண் சரிகிறது, இங்கே திரும்பியதும் ஏறுகிறது என்று பலர் சொல்கிறார்கள். சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. சில வாட்ச்சுகள் இதற்கு ஈடுகட்டுகின்றன, பல வாட்ச்சுகள் கட்டுவதில்லை.

உச்ச துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் தானாகப் போட்டுக்கொள்வதும் உண்டு. இவளுக்கு 34 வயது, ஆகவே 186. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு முன்பின் இருக்கும். ஒருவருக்கு உண்மையில் 198 என்றால், 150இல் ஓடும்போது அவர் தன் உச்சத்தில் முக்கால் பங்கில்தான் இருக்கிறார். வாட்ச்சோ 80 சதவீதம் என்று நினைத்து எண்ணைக் குறைத்துவிடும். என் வயதுக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை துடிப்பை அடக்கி வைப்பதால், வாட்ச் ஏமாந்து எண்ணைத் தூக்கிக் காட்டும். மாத்திரை விவரத்தைப் பதிய செட்டிங்ஸில் இடமிருந்தால் பதியுங்கள். எண்ணுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

நான் பணியிலிருந்தபோது கூப்பர் டெஸ்ட்தான். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டது. 12 நிமிடம் ஓடி, எத்தனை மீட்டர் என்று பார்த்து, அதில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் ஆறு சுற்று வந்தால் விஓ2 மேக்ஸ் ஏறக்குறைய 42. அதுவும் ஊகம்தான், ஆனால் விசிலும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். நன்றாக ஓடிப் பழகியவர்கள் மட்டும் செய்து பார்க்கலாம்.

கம்பெனிக்காரர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆய்வக அளவுக்கும் வாட்ச் எண்ணுக்கும் நாலைந்து புள்ளி வித்தியாசம் சகஜம். பெண்களுக்குச் சராசரியே ஆண்களைவிடக் குறைவு, வயது ஏற ஏற எல்லாருக்கும் இறங்கும். 25 வயதுப் பையனையும் 45 வயது அம்மாவையும் ஒரே பட்டியலில் போட்டுப் பரிசு கொடுப்பதை எந்த பி.டி. டீச்சரும் செய்ய மாட்டாள். ஒரே ஆள், ஒரே வாட்ச், ஒரே பாதை, ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்து மூன்று மாதம் பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அந்த வாட்ச்சால் ஆகக்கூடியது அதுதான், அதுவே பெரிய உதவி. அதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். ஊழியர்கள் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது அந்த ஏழரை மணி மீட்டிங்கை ஒன்பதரைக்குத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு