புள்ளி போட்டதெல்லாம் சிறுத்தைக் குட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வால்பாறை, நீலகிரி தேயிலைத் தோட்டங்களில் புள்ளி போட்ட குட்டிகள் கண்ணில் பட்டால் உடனே ‘சிறுத்தைக் குட்டிகள் மீட்பு’ என்று செய்தி வந்துவிடுகிறது. அவற்றில் சில, சிறுத்தைப் பூனையின் குட்டிகள். வளர்ந்த பின்னும் வீட்டுப் பூனையளவே இருக்கும் இந்த விலங்குக்கு எலிதான் முக்கிய இரை.

முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரு கண்களின் உள்மூலையிலிருந்தும் நெற்றிக்கு ஏறும் வெள்ளைக் கோடு, அதையொட்டிப் பிடரிவரை ஓடும் கருங்கோடுகள். சிறுத்தைக் குட்டிக்கு இந்தக் கோடுகள் இருக்காது. அதன் பாதம் தடித்திருக்கும். சாம்பல் படிந்த அடர்ந்த ரோமத்தில் புள்ளிகள் கலங்கித் தெரியும். பிறக்கும்போதே அரைக் கிலோ எடை இருக்கும். சிறுத்தைப் பூனையின் குட்டியோ நூறு கிராம் அளவுதான்.

எந்தக் குட்டியானாலும் தொடக் கூடாது. தாய் இரைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் ஆள் சத்தத்துக்கு ஒதுங்கிப் பக்கத்திலேயே நிற்கும். அந்த இடத்தில் கொழுந்து பறிப்பையும், செடிகளை வெட்டிவிடும் கவாத்தையும் நிறுத்தி, நாய்களைக் கட்டிப்போட்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இருட்டியதும் தாய் ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வித் தூக்கிப்போகும். யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால், கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, வனத்துறையினர் அன்று மாலையே எடுத்த இடத்தில் திறந்த பெட்டியில் வைத்து விலகுவார்கள். தானியங்கிக் கேமரா காவல் இருக்கும். முதல் இரவு தாய் வரவில்லையென்றால் மறு இரவும் முயல வேண்டும்.

இரக்கப்பட்டுப் பசும்பால் ஊற்றுவதுதான் பெரிய கேடு. வயிற்றுப்போக்கு கண்டு குட்டி துவண்டுவிடும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். வீட்டுப் பூனையோடு விட்டால் தொற்று. கையில் வளர்ந்ததை மீண்டும் காட்டில் விடுவது மிகக் கடினம். தவிர, இது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

வால்பாறைப் பீடபூமியின் சுமார் 220 சதுர கிலோமீட்டரில் மழைக்காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஓடைக்கரைப் புதரையும் வெட்டிவிட்டால் பூனை தேயிலைச் செடிக்கடியில்தான் குட்டி போடும். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மர வரிசைக்கடியில் வெறுந்தரை மறைவு தராது. ஓடையின் இரு கரையிலும் நாட்டு மரங்களோடு கீழ்ப்புதரையும் விட்டுவைக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

இனி இத்தகைய செய்தி வரும்போது, குட்டியைக் கையில் ஏந்திய படத்தையும் இடத்தின் துல்லியமான விவரத்தையும் தவிர்த்து, விலங்கின் சரியான பெயரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வால்பாறை