கதிர்வீச்சு விதிமுறையில் வெட்டிய பழத்துக்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு வணக்கம்.

போன வருடம் என் அம்மாவுக்குக் கீமோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் புண். சோறு இறங்காது, ஜில்லென்று பப்பாளி மட்டும் கேட்பார். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் நறுக்கி டப்பாவில் அடைத்திருந்ததை வாங்கிப்போனேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நர்ஸ் பார்த்ததுமே தடுத்துவிட்டார். "முழுப் பழமா வாங்கி, கழுவி, வீட்லயே வெட்டிக் கொடுங்க. கடையில வெட்டினது வேண்டாம்."

அவர் சொன்னது சரிதான். தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. பப்பாளி, தர்பூசணி, கிர்ணி எல்லாம் புளிப்பில்லாத பழங்கள். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி அவற்றில் தாராளமாகப் பெருகும். லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமியோ ஃபிரிட்ஜுக்குள்ளும் வளரும். சதைக்குள் புகுந்துவிட்டதைக் குளோரின் தண்ணீர் எட்டாது. குழம்பு, பொரியல் என்றால் அடுப்பு பார்த்துக்கொள்ளும். பழத்துக்கு அடுப்பு ஏது? அமெரிக்காவில் 2011-ல் ஒரே பண்ணையின் கிர்ணிப்பழத்திலிருந்து பரவிய லிஸ்டீரியாவால் 33 பேர் இறந்தார்கள்.

டப்பாவை மூடி ஒட்டிய பிறகும், சூடே படாமல் கிருமியைக் கொல்ல காமா கதிரால் முடியும். பழத்தில் கதிரியக்கம் தங்காது. இது உங்களுக்குப் புதிதும் அல்ல. 2007 முதல் நம் மாம்பழம் 400 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கதிர் பட்ட பிறகுதான் அமெரிக்கா போகிறது, அது வண்டை ஒழிப்பதற்காக. உங்கள் கதிர்வீச்சு விதிமுறையில் இறைச்சிக்கும் மீனுக்கும் 'நோய்க்கிருமி ஒழிப்பு' என்று தனி வரி இருக்கிறது. பழத்துக்கோ பூச்சி ஒழிக்க, பழுப்பதைத் தள்ளிப்போட, கெடாமல் வைக்க என்று 2,500 கிரே வரை இடம் கொடுத்திருக்கிறீர்கள். நோய்க்கிருமி என்ற வார்த்தையைத்தான் காணோம். அமெரிக்கா 2008-லேயே பச்சையாகச் சாப்பிடும் லெட்யூஸ், ஸ்பினாச் கீரைகளுக்கு நோய்க்கிருமியை ஒழிப்பதற்காக 4,000 கிரே வரை அனுமதித்துவிட்டது.

கதிர் அதிகமானால் பழம் குழையும் என்பது தெரியும். அதனால் பழத்துக்குப் பழம் அளவைச் சோதித்து நிர்ணயியுங்கள். வைரஸ்கள் இந்த அளவுக்கெல்லாம் சுலபமாக அடங்காது. ஆகவே வெட்டுகிறவர் கை கழுவுவதிலும் குளிர்சாதன வண்டியிலும் ஒரு துளிகூடத் தளர்த்தாதீர்கள். அழுக்காக வெட்டிவிட்டுக் கதிரில் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனியும் நினைக்கக் கூடாது.

அப்புறம், அந்த டப்பாவின் முன்பக்கமே கதிர்வீச்சு முத்திரை இருக்கட்டும். எந்தத் தேதியில், எதற்காகக் கதிர் பட்டது என்பதும் தமிழில் இருக்கட்டும், என் அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு எழுத்தில்.